விடுதிக்காரர்கள் கொடுத்த விறகு

அந்தப் பலகைகள் வெளுத்த பச்சை நிறத்தில் இருந்தன. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துக் காப்பிச் செடிக்கு மருந்தடிப்பார்களே, அது காய்ந்தபின் இலையில் படிந்திருக்கும் நிறம். ஏற்காட்டில் இருக்கிற யாருக்கும் அதைப் பார்த்ததும் மருந்து ஞாபகம் வந்திருக்க வேண்டும். எங்களுக்கு வரவில்லை. வெளிநாட்டு மரம் என்றால் இந்த நிறத்தில்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டோம். கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் எங்கள் நடுவிலேயே இருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை.

சேலத்தில் கல்லூரி முடித்து, கல்யாணமாகி வெள்ளக்கடை கிராமத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். கிளியூர் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு விடுதியில் எனக்கு வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. மலையில் திரும்பிய பக்கமெல்லாம் கான்கிரீட் விடுதிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. இது மட்டும் முழுக்க மரத்தால் ஆன தனித்தனி வீடுகள். அதனால் ஊரே வேடிக்கை பார்த்தது.

மரம் எங்கிருந்தோ ஒரு குளிர்நாட்டிலிருந்து கப்பலில் வந்த பைன். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரியில் அடிவாரம் வரை வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் அந்த லாரி திரும்பாது என்பதால், அங்கே இறக்கிச் சின்ன லாரிகளுக்கு மாற்றினார்கள். அதே மலைப்பாதையில் எதிரே, எங்கள் எஸ்டேட்டுகளில் வெட்டிய சில்வர் ஓக் ப்ளைவுட் கம்பெனிக்குப் போவதற்காகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு வளைவில் இரண்டு லாரிகளும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றதை பஸ்ஸில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். மலையில் இருக்கிற மரம் கீழே போகிறது, கடலுக்கு அப்பால் இருக்கிற மரம் மேலே வருகிறது. இதற்குப் பெயர் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

சொல்லிக்கொடுத்தவர் விடுதி மேனேஜர். சென்னைக்காரர். குரலை உயர்த்தாமல், எல்லோரையும் 'வாங்க, போங்க' என்று பேசுவார். துணி துவைக்கிற பெண்களுக்கும் காலையில் வணக்கம் சொல்வார். அவர் கடுகடுப்பான ஆளாக இருந்திருந்தால் நாங்கள் கொஞ்சம் உஷாராக இருந்திருப்போமோ என்னவோ. முதலாளி எப்போதாவது காரில் வந்து, நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். மற்றதெல்லாம் மேனேஜர்தான்.

வருகிறவர்களிடம் நான் சொல்ல வேண்டியதை அவர் மனப்பாடம் செய்ய வைத்தார். மரம் என்பது மறுபடி வளரக்கூடிய பொருள். சிமெண்டும் இரும்பும் அப்படியில்லை. ஒரு மரம் வெட்டினால் அங்கே வேறொரு மரம் நடுகிறார்கள். இந்த வீட்டில் தங்குகிற ஒவ்வொருவரும் பூமிக்கு ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள். "சிரிச்சிட்டே சொல்லணும்மா. பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கக் கூடாது" என்பார்.

அதில் பாதி உண்மை என்பதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். மரம் நல்ல பொருள்தான். எங்கள் ஊரில் பலா மரத்தில் செய்த கதவு பேரன் காலம்வரை நிற்கும். அதை யாரும் கப்பலில் கொண்டுவரவும் வேண்டாம், அதற்கு மருந்து ஏற்றவும் வேண்டாம். ஆனால் அந்த விடுதி இருந்த இடத்தில் ஏற்கெனவே நின்ற பலா மரங்களையும் நாவல் மரத்தையும் வெட்டிவிட்டுத்தான் மரவீடுகளை நட்டார்கள். ஏன் சார் என்று கேட்டதற்கு, "ரூம்ல இருந்து வேலி தெரியணும்ல?" என்றார். பள்ளத்தாக்கைத்தான் இங்கிலீஷில் அப்படிச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வெட்டிய பலாவை எவனோ ஒரு வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போனான்.

பலகைகளைப் பொருத்தி வீடுகளை எழுப்ப வந்த வேலையாட்கள் வெளியூர்க்காரர்கள். கையுறை போட்டுக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அறுப்பார்கள். குளிருக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று எங்கள் பெண்கள் கேலி செய்தார்கள்.

வேலை முடிந்தபோது மிச்சத் துண்டுகள் கொல்லையில் மலைபோலக் குவிந்து கிடந்தன. திறப்பு விழாவுக்கு முன்னால் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாள் காலையில் மேனேஜர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"இவ்வளவும் வேஸ்ட்டா கிடக்கு பாருங்க. வேணும்ங்கறவங்க எடுத்துட்டுப் போங்க. ஃப்ரீதான். நம்ம வண்டியிலயே வீட்டுக்குக் கொண்டுவந்து போடச் சொல்றேன்."

"நெசமாலுமாங்க சார்?" என்று துணி துவைக்கிற அக்கா கேட்டாள். அவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி.

"நீங்க எடுத்துட்டா எனக்கும் வேலை மிச்சம்" என்று சிரித்தார்.

மலையில் விறகு என்பது சும்மா வருகிற விஷயமில்லை. கேஸ் அடுப்பு சமையலுக்குச் சரி. காலைக் குளிரில் குளிக்க வெந்நீர் வேண்டும். மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். காட்டில் சுள்ளி பொறுக்கினால் வனக்காவலருக்குப் பயந்து பயந்து பொறுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் வாசலில் வந்து விறகு இறங்கினால் யார் வேண்டாமென்பார்கள்? வெள்ளக்கடையில் எங்கள் தெருவில் விடுதியில் வேலை செய்த எல்லோர் வீட்டிலும் அந்தப் பச்சைத் துண்டுகள் அடுக்கப்பட்டன.

எங்கள் வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டது அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷனை இழந்தபின் எங்களோடு இருந்தார். கிடா ஒன்று, பெட்டை ஒன்று, குட்டி ஒன்று என்று ஆடு வளர்த்தார். ஆடுகளோடுதான் அவருக்குப் பேச்சு, சண்டை, கொஞ்சல் எல்லாம்.

"ஏங் கண்ணு, இத்தன வழவழன்னு இருக்கற வெறக அடுப்புல வெக்கவே மனசு வரல. அலமாரி செய்யலாமாட்ட இருக்குது" என்று ஒரு துண்டைத் தடவிப் பார்த்தார்.

அந்த விறகு சட்டென்று பற்றியது. புகை கண்ணைக் கரித்தது. தொண்டையில் ஒரு கசப்பு நின்றது. மலைக்கு வெளியே விளைந்த மரம் அப்படித்தான் இருக்கும் என்றார் அண்ணி. சாம்பல் நைசாக வந்தது. அதில்தான் பாத்திரம் தேய்த்தார். மிச்சத்தைக் கீரைப்பாத்தியில் தூவினார், சௌசௌ கொடிக்கு அடியில் போட்டார். அடுப்புச் சாம்பலை வேறு என்ன செய்வார்கள்? காலம் காலமாக எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

விடுதி திறந்தது. ஆட்கள் வந்தார்கள். சுவரைத் தடவிப் பார்த்து, மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே ஒப்பித்தேன். வீட்டில் அண்ணிக்கு விரல் இடுக்குகளில் தோல் உரிந்து புண் வந்தது. இருமல் வந்தது. பனிக்காலம், அதனால்தான் என்றோம்.

பிறகு ஒரு கிடா செத்தது. காலையில் வாயில் நுரையோடு படுத்திருந்தது, மதியத்துக்குள் போய்விட்டது. அண்ணி உடனே பக்கத்து வீட்டைத்தான் பார்த்தார். அந்த அக்காவின் புருஷன் பீன்ஸ் போட்டிருந்தார். ஆடு நுழைந்து மேய்ந்துவிட்டது என்று அடிக்கடி சத்தம் போடுவார். "இன்னொருக்கா வந்துச்சுன்னா பாருங்க அம்மிணி, அப்பறம் என்னையக் கொற சொல்லக் கூடாது" என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார்.

அடுத்து சினையாடு படுத்தது. கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தோம். வயிற்றோட்டம் நிற்கவில்லை. கண் செருகிக் கிடந்த அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அது குட்டியோடு செத்தது. டாக்டருக்குச் சந்தேகம். அறுத்துப் பார்த்து, உள்ளிருந்து கொஞ்சம் எடுத்து, கீழே பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும் அவரே எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "பாஷாணங்க. ஆட்டு வயித்துல பாஷாணம் இருக்குது."

வீட்டுக்கு வந்த அண்ணி உள்ளே நுழையாமல் நேரே பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். குனிந்து மண்ணை இரண்டு கையிலும் வாரினார்.

"வாயில்லாத சீவனுக்கு வெசம் வெச்சயே, நீ நல்லா இருப்பியா? உன்ர வம்சம் வெளங்குமா?" என்று தூற்றினார்.

அந்த மனிதர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு வெளியே வந்தார். "ஏனுங்க அம்மிணி, நான் வெக்கலீங்க. எம்பட புள்ளைக மேல சத்தியமுங்க, நான் வெக்கலீங்க" என்றார். தெரு முழுக்கப் பார்த்தது. அவர் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். தினமும் ஒன்றாக வேலைக்குப் போகிறவள். நான் அண்ணியைப் பிடித்து இழுத்து வந்தேனே தவிர, அவர் வைத்திருக்க மாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்திருப்பார் என்றுதான் நானும் நம்பினேன். மண்ணை வாரித் தூற்றினால் அது பலிக்கும் என்று நம்புகிற ஊர் எங்களுடையது.

சில நாள் கழித்து டாக்டர் அந்தப் பக்கம் ஊசி போட வந்தவர், எங்கள் வீட்டிலும் நின்றார். மிச்சமிருந்த குட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தார். குட்டி கொல்லையில் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில், கொட்டிய சாம்பலை நக்கிக்கொண்டு நின்றது.

அவர் ஓடிப்போய் அதைத் தூக்கினார்.

"இது எந்த மரத்துச் சாம்பலுங்க?"

அண்ணி அடுக்கியிருந்த விறகைக் காட்டினார். டாக்டர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது மருந்து ஏத்துன மரமுங்க. கரையான் வராம இருக்கோணும்னு பாஷாணமும் செம்பும் ஏத்துவாங்க. பலகையா இருக்கற வரைக்கும் பெருசா ஒண்ணுமில்ல. எரிச்சா புகையில வரும், சாம்பல்ல தங்கும். சாம்பல் உப்புக் கரிக்கும். ஆடு தேடி வந்து நக்கும்." பிறகு அண்ணியின் கைகளைப் பார்த்தார். "பாத்தரமும் இதுலதான் தேய்ச்சீங்களா?"

அண்ணி தலையாட்டினார்.

"நீங்க நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகோணும். இந்தக் கீரையப் பறிக்காதீங்க."

அன்று எனக்கு அழுகை வரவில்லை. நாங்கள் தின்ற தட்டு, அண்ணி கடைந்த கீரை, நான் தலைக்கு ஊற்றிய வெந்நீர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மறுநாள் அண்ணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வேலையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, விடுதிக்குப் போனேன். மேனேஜர் அறையில் கதவைத் தட்டாமல் நுழைந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்காது, அதிர்ந்துபோவார் என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தேன்.

"ஐயோ, அதை எரிச்சீங்களா?" என்றார். "ட்ரீட் பண்ண மரம்மா அது. எரிக்கக் கூடாது. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமாச்சே."

"எங்களுக்கு யாருங்க சார் சொன்னாங்க?"

"நான் எரிக்கச் சொன்னேனா? எடுத்துட்டுப் போங்கன்னுதான சொன்னேன்?"

"வேற எதுக்குங்க எடுத்துட்டுப் போவோம்? குட்டையா அறுத்த துண்ட வெச்சு நாங்க மாளிகையா கட்டப் போறோம்?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "குரலைக் குறைங்க. கெஸ்ட் இருக்காங்க. முதலாளிகிட்ட சொல்லி வேற ஆடு வாங்கித் தரச் சொல்றேன். இதை வெளிய பேசாதீங்க. நம்ம எல்லாருடைய பொழப்பும் இதுலதான் இருக்கு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கீழே கொண்டுபோய் முறையாகக் கழிக்க லாரி வாடகை ஆகும், அனுமதி வாங்க வேண்டும். எங்கள் அடுப்பில் போட்டால் ஒரு செலவும் ஆகாது. அதைத் தானம் மாதிரி கொடுத்துவிட்டு எங்கள் நன்றியையும் வாங்கிக்கொண்டார். துணி துவைக்கிற அக்கா அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை நினைத்தால் எனக்கு இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மேசைக்குத் திரும்பினேன். ஒரு குடும்பம் பெட்டிகளோடு நின்றது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள். அவர் தூணைத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாம் மரமா? இந்த ஈரத்துல கரையான் வராதா?"

"வராதுங்க" என்றேன். "பாஷாணம் ஏத்தியிருக்குது. இதோட மிச்சத்த எரிச்சு எங்க ஊட்டுல ரெண்டு ஆடு செத்துப்போச்சுங்க."

அவர் மனைவி குழந்தைகளின் கையைத் தூணிலிருந்து விலக்கினாள். அவர் விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குப் போனார். இந்த மனிதர் சத்தம் போடுவார், நாலு பேர் கேட்பார்கள், ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். அவர் புன்னகையோடு வெளியே வந்தார். பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய வீடு, சின்ன வீட்டின் வாடகைக்கே அவருக்குக் கிடைத்திருந்தது. "ஒண்ணும் பயமில்லையாம், எரிச்சாத்தானாம்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே பெட்டியைத் தூக்கினார்.

அன்றைக்கே என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் உடனே அடுப்பை அணைத்தார்கள். சிலர் நம்பவில்லை. "வேல போன கோவத்துல சொல்றயா கண்ணு?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்து வீட்டில் நான் வாய் திறப்பதற்குள் அந்த அக்கா, "கேள்விப்பட்டோம்" என்றாள். அவள் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். அண்ணி அவர் வாசலில் போய் நின்று, "தப்பா சொல்லிப்போட்டனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நாங்கள் அந்த ஊரில் இருந்தவரை அவர் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மனிதருடைய கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அந்த மண் விழுந்திருக்க வேண்டிய வாசல் வேறு.

விறகை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. எரிக்க முடியாது. புதைத்தால் மழையில் கரைந்து ஓடைக்குப் போகும். ஓடைத் தண்ணீரில்தான் கீழே இருக்கிறவர்கள் துணி துவைக்கிறார்கள், மாடு குளிப்பாட்டுகிறார்கள். "குடுத்தவிய ஊட்டுக்கே போவுட்டும்" என்று சொன்னது பக்கத்து வீட்டு அக்காதான். அவளும் வேலையை விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதியில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், சாக்கில் கட்டிக் கொண்டுபோனோம். கையில் துணி சுற்றிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் ஒரு வண்டி பிடித்துக் கொடுத்தார். இடம் போதாமல் சிலர் தலையில் வைத்தே நடந்தார்கள். விடுதியின் கேட்டுக்கு முன்னால், கார்கள் நுழையும் வழியில் கொட்டினோம். அண்ணி கட்டுப்போட்ட கையோடு வந்து, மிச்சமிருந்த சாம்பலை ஒரு பழைய டின்னோடு உச்சியில் வைத்தார். மேனேஜர் ஓடிவந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"போலீசைக் கூப்பிடுவேன்!"

"கூப்புடுங்க" என்றார் அண்ணி. "வந்து இதுல டீ காய்ச்சிக் குடிக்கட்டும்."

போலீஸ் வந்து இரு பக்கமும் சமாதானம் பேசிவிட்டுப் போனது. அடுத்த நாள் குவியல் அங்கே இல்லை. லாரி வந்து எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அண்ணியின் புண் ஆற ரொம்ப நாள் பிடித்தது. இருமல் முழுசாகப் போகவில்லை. குட்டி பிழைத்தது. கீரைப்பாத்தியில் அதற்குப் பிறகு எதுவும் போடவில்லை. புல் மட்டும் செழிப்பாக முளைத்தது, அதில் குட்டி வாய் வைக்காமல் அண்ணி முள் வைத்து அடைத்தார்.

வேறு வேலை தேடிச் சேலத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த ஒரு நாள், அடிவாரத்தில் மலைக்கு ஏறும் பஸ்ஸுக்காக நின்றேன். ஒரு டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைத் துண்டுகள் அழகாக அடுக்கியிருந்தன.

கடை நடத்தியது என் வயதுப் பெண். "இது எங்கீங்க வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு லாரிக்காரருங்க. மலையில இருந்து கொண்டாந்தாராம். சல்லிசா குடுத்தாருங்க. நல்லா எரியுது."

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு, சாம்பல், அண்ணியின் கை. நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, அவள் சிரிக்கவில்லை, விரட்டவும் இல்லை. முதலில் பாலை இறக்கி வைத்தாள். பிறகு எரிந்துகொண்டிருந்ததைக் கம்பியால் வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினாள். டீக்காக நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்த அடுக்கைப் பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, அப்ப இத நான் எங்கதானுங்க கொண்டுபோய்ப் போடறது?"

மலையில் நாங்கள் கேட்டுக்கொண்டதும் இதே கேள்விதான். ரோட்டோரப் பள்ளத்தில் போட்டால் வேறு யாராவது எடுத்துப்போய் எரிப்பார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதையெல்லாம் உரச் சாக்குகளில் கட்டி, கடைக்குப் பின்னால் மழை படாத இடத்தில் வைத்து, தார்ப்பாய் போட்டு மூடினோம். சாம்பலையும் வாரி ஒரு டப்பாவில் அடைத்தோம். பஸ் வந்து போய்விட்டது. அவள் எங்கிருந்தோ வேப்பஞ்சுள்ளி கொண்டுவந்து மறுபடி அடுப்பு மூட்டினாள்.

அந்த மரத்தை விடுதிக்கு விற்றவன், அதை வாங்கியவன், மிச்சத்தை எங்கள் தலையில் கட்டியவன், திரும்பக் கொடுத்ததை எடுத்து இங்கே தள்ளியவன், ஒருவனும் அதை எங்கே போடுவது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியவளாக ஒரு டீக்கடைக்காரி நின்றாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.